கடுகு டப்பாவில் இருந்த காசு

இந்த மாதம் வேறு ஒன்று எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெற்றோர்கள் வந்து தங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். ஆளுக்குப் பத்து நிமிடம்.

நான் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டேன். மகள் முகம் மாறிவிட்டது.

"அப்பா, நீங்க வர வேண்டாமே."

"ஏன்மா?"

"நீங்க என்ன வேலை செய்றீங்கன்னு எனக்கே தெரியாது. என் பக்கத்து சீட் பொண்ணோட அப்பா ஃபயர் இன்ஜின் ஓட்டுறார்."

மதுரையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மா, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சேர்ந்துகொண்டார். "எனக்கும்தான்டா தெரியாது. கேக்குறவங்ககிட்ட எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

பதினோரு வருஷமா செய்யும் வேலை. வீட்டில் மூன்று பெண்கள். ஒருத்தருக்கும் தெரியாது. சரி, முதலில் இவர்களுக்குப் புரியவைப்போம், வகுப்பு அப்புறம் என்று முடிவு செய்தேன். உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்திருக்கும். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"நான் டிரைவர் எழுதுறேன்" என்று ஆரம்பித்தேன்.

"அப்போ நீங்களும் டிரைவர்தானா?" என்றாள் மகள், கொஞ்சம் நம்பிக்கையோடு.

இல்லை. கம்ப்யூட்டரில் எல்லா ஆப்களுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் வீட்டு நிர்வாகம். நான் வேலை செய்வது லினக்ஸ் கெர்னலில். 1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்தது. உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதற்குள் அதுதான் இருக்கிறது. அந்தக் கெர்னலுக்குள், டிஸ்க்கோடு பேசுகிற பகுதிக்குப் பெயர் ஸ்டோரேஜ் டிரைவர். நீங்கள் ஒரு போட்டோவைச் சேமித்தால், அதைக் கொண்டுபோய் டிஸ்க்கிடம் ஒப்படைத்து, "வாங்கிக்கிட்டேன்" என்ற பதிலை வாங்கி வருகிற ஆள் அவர்தான். தபால்காரர் மாதிரி.

இந்தத் தபால்காரருக்கும் வேலை செய்ய மெமரி வேண்டும். எந்தக் கடிதம் எங்கே போகணும் என்று குறித்துக்கொள்ள ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டுமே. அந்தச் சீட்டை எங்கிருந்து, எப்போது, எப்படிக் கேட்டு வாங்குவது? என் வேலையில் பாதிச் சிக்கல் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

இட்லித் தட்டு

மெமரியைக் கெர்னல் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும். நம் வீட்டு இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டர்களில் ஒரு பக்கம் 4096 பைட். 16 ஜிபி மெமரி என்றால் சுமார் 42 லட்சம் பக்கங்கள். யார் கேட்டாலும் 1, 2, 4, 8 என்று இரட்டித்த கணக்கில்தான் தரும். மூன்று பக்கம் கேட்டால் நான்கு கிடைக்கும். திருப்பிக் கொடுக்கும்போது, பக்கத்தில் இருக்கும் ஜோடியும் காலியாக இருந்தால் இரண்டையும் ஒட்டி மறுபடி பெரிய துண்டாக்கிவிடும். இதற்கு 'படி' முறை என்று பெயர், படி என்றால் கூட்டாளி. பெல் லேப்ஸில் இருந்த கென்னத் நோல்டன் 1965-லேயே இதை எழுதிவிட்டார்.

ஆனால் தபால்காரருக்கு வேண்டியது முழுப் பக்கம் இல்லை, 200 பைட் சீட்டு. அதற்கு 4096 பைட் கொடுத்தால் வீண். இதற்குத் தீர்வு 1994-ல் சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் சொன்னது, பெயர் ஸ்லாப். இதை மகளுக்கு விளக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இட்லித் தட்டை எடுத்துக் காட்டினேன். தட்டுதான் பக்கம். குழி எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொரு குழியிலும் ஒரு சீட்டு. ஒரு இட்லி எடுத்தால் அந்தக் குழி அடுத்த இட்லிக்குத் தயார். அளவெடுத்து வெட்ட வேண்டியதில்லை, அதனால் வேகம். லினக்ஸில் இதற்கு மூன்று வகைகள் இருந்தன. 2024-ல் பழைய வகை ஒன்றையும் நீக்கியபின் இப்போது ஸ்லப் என்ற ஒன்றுதான் பாக்கி.

"இவ்ளோதானா?" என்றாள் மகள்.

இவ்வளவுதான், மெமரி தாராளமாக இருக்கும்வரை.

பைத்தியமும் கல்யாணமும்

மெமரி தீர்ந்துபோனால்? கெர்னல் வீட்டைச் சுத்தம் பண்ண ஆரம்பிக்கும். டிஸ்க்கில் நகல் இருக்கும் பக்கங்களைத் தயங்காமல் தூக்கிப் போடும். நகல் இல்லாத பக்கங்களை என்ன செய்வது? முதலில் டிஸ்க்கில் எழுதிவைத்தால்தான் காலி செய்ய முடியும். எழுதுவது யார்? நம் தபால்காரர்.

இப்போது கவனியுங்கள். எழுதச் சொல்லித் தபால்காரரிடம் ஒரு மூட்டை வருகிறது. அவர் சீட்டுக்காக மெமரி கேட்கிறார். கெர்னல் சொல்கிறது: "மெமரி இல்லை, இருங்க, சில பக்கங்களை டிஸ்க்கில் எழுதிட்டுத் தர்றேன்." எழுத வேண்டியவரோ இவர்தான். அவர் மெமரிக்காகக் காத்திருக்கிறார். மெமரி அவருக்காகக் காத்திருக்கிறது. யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் எதுவும் நகராது.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "பைத்தியம் தெளிஞ்சாதான் கல்யாணம், கல்யாணம் ஆனாதான் பைத்தியம் தெளியும்ங்கிற கதைதானேடா இது?"

அதேதான். நாங்கள் இதை டெட்லாக் என்போம். அம்மா சொன்னது இன்னும் தெளிவு.

இதற்காகத்தான் லினக்ஸில் மெமரி கேட்கும் ஒவ்வொரு முறையும், எப்படிக் கேட்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜிஎஃப்பி கெர்னல் என்று கேட்டால், "எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கேன், தேவைன்னா டிஸ்க்ல எழுதிட்டுக்கூட கொடு" என்று அர்த்தம். ஜிஎஃப்பி அட்டாமிக் என்றால், "காத்திருக்க முடியாது, இருந்தா இப்பவே கொடு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு." ஜிஎஃப்பி நோஐஓ என்றால், "காத்திருக்கேன், ஆனா எனக்காக டிஸ்க் பக்கம் மட்டும் போயிடாதே." டிஸ்க்கில் எழுதும் வழியில் நிற்கும் டிரைவர் இந்த மூன்றாவது மாதிரிதான் கேட்க வேண்டும். ஒரு சொல்தான் வித்தியாசம்.

அந்த ஒரு சொல்

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். பிள்ளைக்குப் பாடம் சொல்லியாயிற்று, அப்பா புத்திசாலி என்ற பெயரும் வந்தாயிற்று. ஆனால் மகள் கேட்டாள்: "நீங்க எப்பவாச்சும் அந்தத் தப்பைப் பண்ணியிருக்கீங்களா?"

நான்கு வருஷத்துக்கு முன்னால் பண்ணியிருக்கிறேன். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு டிரைவரில் புது வசதி சேர்த்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சின்னச் சீட்டு தேவைப்பட்டது. பழக்க தோஷத்தில் ஜிஎஃப்பி கெர்னல் என்று போட்டுவிட்டேன். சோதனை எல்லாம் பாஸ். எங்கள் சோதனை மெஷின்களில் மெமரி தாராளம், ஒருநாளும் பற்றாக்குறை வந்ததில்லை. மழை பெய்யாத ஊரில் கூரை ஓட்டை யாருக்குத் தெரியும்?

சில மாதம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்குப் போன். ஒரு வாடிக்கையாளரின் மெஷின் உறைந்துவிட்டது. நெட்வொர்க்கில் கூப்பிட்டால் பதில் வருகிறது, உள்ளே நுழைய முடியவில்லை. உயிர் இருக்கிறது, அசைவு இல்லை. அணைத்துப் போட்டார்கள், சரியாகிவிட்டது. மறுநாள் ராத்திரி அதே நேரத்தில் மறுபடியும். அந்த நேரத்தில்தான் அவர்களின் பெரிய கணக்கு ஓடும், மெமரி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். இரண்டு ராத்திரி வேலையும் போச்சு, முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருந்தது.

பதிவில் இருந்தது ஒரே மாதிரி வரிகள்தான். இந்த வேலை 120 விநாடிக்கு மேல் முடங்கிக் கிடக்கிறது, அந்த வேலை 120 விநாடிக்கு மேல் முடங்கிக் கிடக்கிறது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கண்ணியாகப் பின்னால் நடந்து போக ஒன்பது நாள் ஆனது. கடைசிக் கண்ணியில் ஒரு வரி. அதை எழுதியது யார் என்று கருவியைக் கேட்டேன். என் பெயரைக் காட்டியது.

அன்று சாயங்காலம் காரிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் வந்ததும் "ஆபீஸ்ல ஒண்ணுமில்ல, டிராஃபிக்" என்றேன். மனைவிக்கு இப்போதுதான் அது டிராஃபிக் இல்லை என்று தெரிகிறது.

"உங்களை வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?" மகள் கேட்டாள்.

"இல்லம்மா. மறுநாள் எல்லாருக்கும் முன்னாடி நான்தான் இதை எழுதினேன்னு சொன்னேன். ஒரு சீனியர் மட்டும் ஒண்ணு சொன்னார். மெமரி எவ்ளோ வேணும்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, இந்த இடத்துல நின்னு கேக்கலாமான்னு யோசின்னார்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. நம் வீடுகளில் பிள்ளைகளின் தப்புதான் சாப்பாட்டு மேசைக்கு வரும். பெரியவர்களின் தப்பு வராது. அவளுக்கு அது புதிதாக இருந்திருக்கும்.

டப்பா

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. நோஐஓ என்று கேட்டால் வட்டத்தில் மாட்டமாட்டோம், அவ்வளவுதான். மெமரி கிடைக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. அதற்கு வேறொரு ஏற்பாடு உண்டு, பெயர் மெம்பூல். இங்கோ மோல்னார் 2001-ல் எழுதியது. டிரைவர் ஆரம்பிக்கும்போதே, மெமரி தாராளமாக இருக்கும் நேரத்தில், சில சீட்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிடும். அதற்கு மூன்று விதிகள். முதலில் எல்லாரையும் போலப் பொது இடத்தில் கேள். அங்கே உடனே இல்லை என்றால் மட்டும் கையிருப்பைத் தொடு. ஒரு சீட்டு திரும்பி வந்தால், கையிருப்பு குறைந்திருக்கிறதா பார், குறைந்திருந்தால் முதலில் அதை நிரப்பு.

இதைச் சொல்லி முடித்ததும் அம்மா சிரித்துவிட்டார். "இதை நீ படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டியா? நம்ம கடுகு டப்பாடா."

அந்த ராத்திரியை அம்மா சொல்லித்தான் முழுசாகக் கேட்டேன். எனக்கு ஏழு வயது. அப்பா வேலை விஷயமாக வெளியூரில். ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பேங்க் கிடையாது, அப்போது எங்கள் பக்கம் ஏடிஎம் கிடையாது, பக்கத்து வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அம்மா கடுகு டப்பாவைக் கவிழ்த்தார். 140 ரூபாய். ஆட்டோவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊசி மருந்துக்கும் அதுதான்.

"சம்பளக் காசு கையில இருக்குறவரைக்கும் டப்பாவைத் தொடமாட்டேன். எடுத்துட்டா, அடுத்து வர்ற முதல் காசு அதுக்குள்ளதான் போகும். அப்புறம்தான் பால்காரருக்கு."

மூன்று விதி. வார்த்தைதான் வேறு.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. தெரிஞ்சிருந்தா மாசக் கடைசியில டீச்செலவுக்குப் போயிருக்கும். அப்புறம் அது எப்படி கையிருப்பு?"

இதுவும் கெர்னல் பாடம்தான். கெர்னல் பொதுவாகவே கொஞ்சம் மெமரியை அடியில் மீதி வைத்திருக்கும். ஆனால் பொது என்றால் பலர் கை வைப்பார்கள். நமக்கு வேண்டிய நேரத்தில் அதில் ஏதாவது இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் டிஸ்க் வழியில் இருப்பவருக்குத் தனி டப்பா.

எவ்வளவு வைக்கணும்?

என் முதல் திருத்தத்தில் பயந்துபோய் 1024 சீட்டு ஒதுக்கினேன். சீனியர் திருப்பி அனுப்பினார். எல்லா டிரைவரும் இப்படிப் பதுக்கினால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்? லினக்ஸில் டிஸ்க் வேண்டுகோள்களுக்கான பொதுவான பூலில் கையிருப்பு எவ்வளவு தெரியுமா? வெறும் 2.

இரண்டு எப்படிப் போதும் என்றால், கையிருப்பின் வேலை வேகம் கொடுப்பது இல்லை. நகர்வு நிற்காமல் பார்ப்பது. ஒரு சீட்டை வைத்து ஒரு மூட்டையை எழுதினால் சில பக்கங்கள் காலியாகும், சீட்டும் திரும்பி வரும். அதை வைத்து அடுத்த மூட்டை. மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். ஒரே நிபந்தனை: கையில் உள்ள ஒன்றை அனுப்பி முடிக்காமல் அதே டப்பாவில் இரண்டாவதைக் கேட்கக் கூடாது. இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குக் காத்திருந்தால், பழைய பைத்தியம் திரும்ப வந்துவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொரு வரியிலும் நோஐஓ என்று ஞாபகமாக எழுதுவது மனுஷனால் ஆகாத காரியம், நானே சாட்சி. அதனால் 2013-ல் ஒரு ஏற்பாடு வந்தது. "இந்த வாசலுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை யார் கேட்டாலும் நோஐஓ-தான்" என்று ஒரே இடத்தில் அறிவித்துவிடலாம். இப்போது என் டிரைவரில் அதுவும் இருக்கிறது, டப்பாவும் இருக்கிறது.

விண்டோஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே டிஸ்க்குக்கு அனுப்பவே கூடாத மெமரிக்கு 'நான்பேஜ்டு பூல்' என்று தனி இடம் உண்டு. அவசர வேலையின் நடுவில் ஒரு டிரைவர், டிஸ்க்குக்குப் போய்விட்ட பக்கத்தைத் தொட்டுவிட்டால் நீலத்திரை வரும். அதில் 'ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்று பார்த்திருப்பீர்கள். பல நேரம் அதற்குக் காரணம் இப்படிப்பட்ட ஒரு தவறுதான்.

ஆறு டம்ளர்

வகுப்புக்கு எட்டு வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். ஜிஎஃப்பி எல்லாம் பேச முடியாது. ஒரு வாளித் தண்ணீர், ஆறு எவர்சில்வர் டம்ளர், ஒரு கிண்ணம், கொஞ்சம் கோகோ பவுடர் கொண்டுபோனேன். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள்.

ஆறு டம்ளரையும் கோகோ கரைசலால் அழுக்காக்குங்கள். விதி ஒன்றுதான்: வாளிக்குள் சுத்தமான டம்ளர் மட்டும்தான் போகலாம். கை கூடாது, வாளியைச் சாய்க்கக் கூடாது. இப்போது ஆறையும் கழுவுங்கள்.

பிள்ளைகள் பாய்ந்து வந்தார்கள், நின்றுவிட்டார்கள். கழுவத் தண்ணீர் வேண்டும், மொள்ள சுத்தமான டம்ளர் வேண்டும், சுத்தமாக்கக் கழுவ வேண்டும். ஒரு பையன் "இது சீட்டிங்" என்றான். மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை அழுக்காக்கும் முன்பே ஒரு டம்ளரை எடுத்துத் தனியாக வைத்தோம். அந்த ஒன்றால் மொண்டு, மற்ற ஐந்தும் ஒவ்வொன்றாகச் சுத்தமாயின. ஒன்று போதும் என்பதைப் பார்த்து அவர்களுக்கே ஆச்சரியம்.

அப்போது ஒரு பெண் தாகமாக இருக்கிறது என்று அந்த ஒதுக்கி வைத்த டம்ளரை எடுக்கப் போனாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் எழுந்து நின்று சொன்னாள்: "அது குடிக்கிறதுக்கு இல்ல. கழுவுறதுக்கு மட்டும்தான்." பிறகு வகுப்பைப் பார்த்து, "எங்க அப்பா ஒரு தடவை டம்ளரை ஒதுக்கி வைக்க மறந்துட்டார். ஒரு பெரிய கம்ப்யூட்டர் நின்னுடுச்சு. ஒன்பது நாள் கழிச்சு அவரே கண்டுபிடிச்சார்" என்றாள். ஃபயர் இன்ஜின்காரரின் மகள் உட்பட எல்லாரும் கை தட்டினார்கள். தப்புக்குக் கைதட்டல் வாங்கியது எனக்கு இதுதான் முதல் தடவை.

அன்று இரவு பல் தேய்க்கும்போது அவள் ஒரு கணக்குத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு வாரம் பைக்குள் மடங்கிக் கிடந்தது. பாதிக்கு மேல் சிவப்பு. "எந்த இடத்துல தப்புன்னு பின்னாடியிருந்து தேடலாமா?" என்றாள். தேடினோம். மூன்றாவது கணக்கில் ஒரு கழித்தலில் மாட்டினது, மற்றவை அதைப் பார்த்தே தப்பாகியிருந்தன.

அம்மா போன வாரம் ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்குத் தாளிக்கக் கடுகு டப்பாவைத் திறந்தேன். உள்ளே நாலாக மடித்த இருபது டாலர் நோட்டு. போனில் தட்டினால் பணம் போகிற ஊரில் இது எதற்கு என்று ஒரு நொடி தோன்றியது. மூடி அப்படியே வைத்துவிட்டேன்.

இதை எழுதிய பிறகு அது ரகசியம் இல்லை. அதனால் டப்பாவை மாற்றிவிட்டேன்.

அடுத்த மாதம் பார்ப்போம்.